கம்பத்துக்காரரின் ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டுக்காரர் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். கல்யாணமான புதிதில் என் மாமியார், "அவன் வாயைத் திறக்க வைக்க எங்களால ஆகலை, நீயாவது பாரும்மா" என்று என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். முப்பத்தேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் பத்துக் கேள்வி கேட்டால் ஒரு "ம்" வரும். பதினோராவது கேள்விக்கு அதுவும் வராது.

மின்சார ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அந்த உத்தியோகம் இல்லை. ஒரு சின்னக் கூட்டத்துக்கு அவர் "கம்பத்துக்காரர்". கழுகு, பருந்து, வல்லூறு என்று வேட்டையாடித் தின்கிற பறவைகளைக் காட்டுவதற்காக, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். சம்பளமா, கிம்பளமா, ஒன்றும் கிடையாது. பதினாலு வருஷம் செய்தார். பிறகு ஒரே வாரத்தில் விட்டுவிட்டார். அவர் விட்டதில் என் கை இருக்கிறது. கை என்ன கை, வாய்! அதைத்தான் சொல்லப் போகிறேன். யாரும் என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

ஆரம்பம் ஒரு செத்த கழுகு. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஏரியா முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஆபீஸ் போனில் ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தார்கள். இவர் ஒவ்வொரு கம்பமாகத் தேடிப் போனால், ஒன்றின் மேல் பெரிய கழுகு ஒன்று கருகித் தொங்குகிறது. உட்கார்ந்த இடத்தில் இறக்கையை விரித்திருக்கிறது, இரண்டு கம்பியிலும் பட்டுவிட்டது. "தூக்கிக் கடாசிட்டு லைனைக் குடுப்பா" என்றாராம் மேலதிகாரி. இவர் லைனைக் கொடுத்தார். கழுகைக் கடாசவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"ஐயையோ, இது என்ன கண்றாவி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கூடத்துத் தரையில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் இறக்கைகளை மெதுவாக இழுத்து வைத்து, டேப்பால் அளந்தார். அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஆறடிக்குக் கொஞ்சம் மேல்.

"என்னைவிட நீளம்" என்றார். "இவ்வளவு பெரிசா ஒண்ணு வந்து உட்காரும்னு யாருமே நினைக்கலை. நாங்க ரெண்டு கம்பிக்கு நடுவுல இத்தனூண்டு இடம்தான் விட்டிருக்கோம்."

கல்யாணமானதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் நீளம். நான் அந்த இறக்கையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எந்தக் கம்பத்தில் எந்தப் பறவை உட்காருகிறது என்று எழுத ஆரம்பித்தார். நோட்டு வாங்கவெல்லாம் அவருக்குத் தோன்றாது. புகார் எழுதுகிற சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், இன்ன இன்ன கம்பங்களில் கம்பிக்கு ரப்பர் உறை போட வேண்டும் என்று மேலிடத்துக்கு மனு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. மனு மேல் மனு. கடைசியில் தொல்லை தாங்காமல் நாற்பது கம்பத்துக்கு உறை போட்டுக் கொடுத்தார்கள். அந்த உத்தரவு வந்த அன்று வீட்டுக்கு வந்து, "போட்டுட்டாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு இப்போது நினைத்தாலும் மனசு குளிர்கிறது.

கூட்டம் சேர்ந்தது லிஸ்ட் அம்மாவால். அப்போது பாங்கில் குமாஸ்தாவாக இருந்தவர், எதையும் எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராத மனுஷி. ஒரு நாள் காலை பஸ்ஸுக்கு நின்றவர், கம்பத்து உச்சியில் ஓர் ஆள் அசையாமல் தலையை அண்ணாந்தபடி இருப்பதைப் பார்த்து, ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து, "ஐயா! ஐயா!" என்று அலறியிருக்கிறார். மேலேயிருந்து "ஷ்ஷ்" என்று சத்தம் வந்ததாம். இவர் ஒரு பருந்து எலியைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். லிஸ்ட் அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிநேகிதிகளோடு வந்தார். அதற்கடுத்த வாரம் ஏழு பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்லி மாளாது. விடிந்ததும் முதல் பஸ். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, செம்மண் பாதையில் ஒரு மணி நேரம் நடை. இவர் முன்னால் போவார். மூன்று கால் ஸ்டாண்டோடு டெலஸ்கோப் அவர் தோளில். நான் கடைசியில் டீ பிளாஸ்க்கும் ரொட்டிப் பொட்டலமுமாகப் போவேன். பளிச்சென்று கலர் உடுத்தக் கூடாது, பேசக் கூடாது. முதல் சட்டத்தைச் சமாளித்துவிட்டேன். இரண்டாவதுக்கு நான் எங்கே போவேன்? அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு மூச்சு முட்டும். அதனால் கூட்டத்துக்கு நூறடி பின்னால், ஒரு மரத்தடியைக் காட்டி, "நீ இங்க உட்கார்ந்து பேசிக்கோ" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். யாராவது ஒருவர் கால் வலி என்று என்னோடு வந்து உட்காருவார். பாதிப் பேருக்கு வாராவாரம் கால் வலி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் காட்டுகிற விதமே தனி. விரலை நீட்ட மாட்டார், பறவை மிரளும் என்பார். "அந்த டவரைப் பன்னெண்டு மணின்னு வெச்சுக்கங்க. ரெண்டு மணிப் பக்கம் வாங்க. இன்னும் கீழ. ஆங், வாலைப் பாருங்க" என்பார். வால் விரிந்திருக்கிறதா, நடுவில் வெட்டினாற்போல் இருக்கிறதா, மிதக்கும்போது இறக்கை மேலே தூக்கியிருக்கிறதா, இவ்வளவுதான் அவர் பாடம். வீட்டில் பத்துக் கேள்விக்கு ஒரு "ம்" போடுகிற மனுஷன், அங்கே நிமிஷத்துக்கு நிமிஷம் பேசுவார். எனக்கு முதலில் பொறாமையாகக்கூட இருந்தது. பறவையாகப் பிறந்திருந்தால் நம்மிடமும் நாலு வார்த்தை பேசியிருப்பார் என்று அவரிடமே சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் ஆர்வக் கோளாறில் "கழுகு, கழுகு!" என்று குதிப்பார்கள். பார்த்தால் காக்காய். அவர் ஒரு நாளும் "அது காக்கா" என்று சொன்னதில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க" என்பார். அந்த ஆளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அசடு வழிய, "காக்காதான் சார்" என்பார். "ம். நல்லாப் பார்த்தீங்க" என்பார் இவர்.

வெயில் ஏறியதும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். லிஸ்ட் அம்மா நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராக வாசிப்பார். இரண்டு பேராவது "பார்த்தேன்" என்று சொன்னால்தான் அது நோட்டில் ஏறும். ஒரே ஒருத்தர் மட்டும் பார்த்திருந்தால், கம்பத்துக்காரரே ஆனாலும், எழுத மாட்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. அதை முதல் வருஷமே கொண்டுவந்தவர் இவர்தான். ஒரு பறவை முட்டையிட்டிருக்கிற இடத்தை யாராவது வெளியே சொல்லிவிட்டால், அந்த ஆள் அதற்குப் பிறகு யாரையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. "நானா இருந்தாலும்தான்" என்று சொல்லி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தார். ஆசை ஆசையாகப் பார்க்கப் போகிற கூட்டமே கூட்டைக் கெடுத்துவிடும் என்பது அவர் பயம்.

பதினோராவது வருஷம் பைரி வந்தது. வல்லூறு சாதியில் பெரியது, பறக்கிற புறாவை வானத்திலேயே வைத்து அடிக்கும். கைவிட்ட கல்குவாரி ஒன்றின் செங்குத்துச் சுவரில், ஒரு படிக்கல்லின் மேல் முட்டையிட்டது. கூடெல்லாம் கட்டாது. வெறும் மண்ணைக் காலால் பறித்து, குழியில் முட்டை போடும். இவர் கூட்டத்தை எதிர்க் கரையில், புதருக்குப் பின்னால் உட்கார வைத்து, பைரி வானத்தில் வட்டமிடுவதை மட்டும் காட்டுவார். முட்டை இருக்கிற படி எது என்று தெரிந்தவர்கள் அவரும் லிஸ்ட் அம்மாவும் மட்டும். மூன்று வருஷம் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார்.

மூன்றாவதாக ஓர் ஆளுக்கும் தெரியும். எனக்கு. ஒரு மத்தியானம், நான் கேட்காமலே, துணி மடித்துக்கொண்டே சொன்னார். கிழக்குச் சுவர், தண்ணீர் நிற்கிற பக்கம், மேலேயிருந்து மூன்றாவது படி, நாலு முட்டை. அவராக வாயைத் திறந்து ஒரு விஷயத்தை என்னிடம் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

நான் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் அப்போதும் இப்போதும் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ வெட்டுவது, பிரிண்ட் போடுவது, பிரேம் மாட்டுவது. ஒரு நாள் ஒருவர் பறவைப் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட வந்தார். முழங்கை நீள லென்ஸ் கழுத்தில் தொங்குகிறது. நல்ல மரியாதையான பேச்சு. படங்களைப் பார்த்து நான் ஆகா ஓகோ என்றேன்.

"இங்க கரண்ட் ஆபீஸ்காரர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறாராமே" என்றார் அவர். "நானும் ஒரு தடவை போனேங்க. சும்மா பருந்தையும் காக்காயையும் காட்டிட்டு இருக்கார். பெரிசா ஒண்ணும் தெரியாத ஆளு போல."

எனக்குச் சுருக்கென்றது. கையில் கத்தரிக்கோல் வேறு.

"யாரைச் சொல்றீங்க? அவர் எங்க வீட்டுக்காரர்! உங்களை மாதிரி நேத்து லென்ஸ் வாங்கிட்டு இன்னிக்கு வந்தவர் இல்ல. பைரி முட்டை போட்ட இடத்தையே கண்டுபிடிச்சு, மூணு வருஷமாக் காவல் காக்கறவர், தெரியுமா?"

"பைரியா? அதெல்லாம் இந்தப் பக்கம் இருக்காதுங்களேம்மா."

"இருக்காதா? பழைய கல்குவாரிக்குப் போய்ப் பாருங்க. தண்ணி நிக்கிற பக்கம், கிழக்குச் சுவர், மேலேர்ந்து மூணாவது படி! நாலு முட்டை!"

அவ்வளவுதான். அவர் சிரித்தபடி கவரை வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு மூடிய பிறகுதான் என்ன உளறிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. நான் இன்னார் மனைவி என்று தெரிந்துதான் என்னைக் கிளப்பிவிட்டாரா, இன்றுவரை தெரியாது. பார்க்க நல்ல மனுஷனாகத் தெரிகிறாரே, ஒன்றும் செய்ய மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலையே இவரிடம் சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பார். சொன்னேனா? பயந்து தொலைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவாரிக்குத்தான் போனோம். எதிர்க் கரைக்கு வந்ததும் இவர் நின்றுவிட்டார். கிழக்குச் சுவரின் மேல் வேன் ஒன்று நின்றது. ஆறேழு பேர், ஆளுக்கொரு லென்ஸ். ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிப் பாதிச் சுவர் வரை இறங்கியிருந்தான். பைரி இரண்டும் கத்திக் கத்தி அவர்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. இவர் டெலஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். அவர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குவாரியைச் சுற்றி அவர் போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. அங்கே என்ன பேசினார்களோ, எங்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் சண்டை எதுவும் போடாமல் வேனில் ஏறிப் போனார்கள். வேண்டிய படங்களை எடுத்துவிட்டார்களே, இனி என்ன சண்டை.

அவர் திரும்பி வந்து டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தவர், உச்சி வெயில் வரை எடுக்கவில்லை. பன்னிரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

"வெயில் பட்டா முட்டை வெந்துடும்" என்றார் யாரிடமும் இல்லாமல். "பொட்டை வந்து முட்டை மேல உட்கார்ந்து நிழல் குடுக்கணும்."

பெட்டைப் பைரி ஒரே ஒரு தடவை வந்து படியின் ஓரத்தில் நின்றது. முட்டைகளைப் பார்த்தது. பறந்து போய்விட்டது. அந்த வருஷமும் அதற்குப் பிறகும் அந்தக் குவாரிக்கு அது வரவே இல்லை. லிஸ்ட் அம்மா "பைரி" என்று வாசித்தபோது, "பார்த்தோம்" என்று நாலைந்து குரல் முனகியது. இவர் ஸ்டாண்டின் கால்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன்.

"என்னங்க."

"ம்?"

"தண்ணி வேணுமா?"

நாள் முழுக்க லொடலொடவென்று பேசுகிறவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டால் என் முகத்தில் விழிப்பாரா என்பதே என் பயமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் டெலஸ்கோப்பையும் பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு லிஸ்ட் அம்மா வீட்டுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"எங்க அதெல்லாம்?"

"அவங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே ஞாயித்துக்கிழமை வீட்லதான். முட்டி வலிக்குது."

மறுநாள் காலை அதே முட்டியோடு கம்பம் ஏறப் போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? பைரி போன துக்கத்தில் விட்டுவிட்டார் போலிருக்கிறது, ஆறினால் மறுபடி போவார் என்று விட்டுவிட்டேன்.

அவர் போகவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக வெயில் வந்த பிறகு எழுந்தோம். அவர் பழைய சுவிட்சுகளையெல்லாம் கழற்றிச் சுத்தம் பண்ணுவார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாரம் முழுக்க ஸ்டூடியோவில் நடந்த கதையைச் சொல்லுவேன். பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருமாக மார்க்கெட்டுக்குப் போவோம். மத்தியானம் வெங்காயம் உரித்துக் கொடுப்பார். "பெண்டாட்டி பக்கத்துலேயே இருக்கணும்னு எல்லாத்தையும் விட்டுட்டாருங்க" என்று தெரு முழுக்கப் பெருமை அடித்தேன். வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் அடிக்காத நாள் இல்லை. தெருவில் நடக்கும்போது தரையில் ஏதாவது நிழல் ஓடினால் அவர் சட்டென்று அண்ணாந்து பார்ப்பார், உடனே தலையைக் குனிந்துகொள்வார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று.

போன மாதம் லிஸ்ட் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். கூட்டம் ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம், ஆல்பம் போட வேண்டுமாம். பழைய போட்டோக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, டெலஸ்கோப்போடு நிற்கிற இவரைக் காட்டி, "இவரை மாதிரி ஒரு ஆள் எங்களுக்கு அப்புறம் அமையலைங்க" என்றார்.

"நான் என்ன பண்றது, முட்டி வலின்னு விட்டுட்டார்" என்றேன்.

லிஸ்ட் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"முட்டி வலியா? உங்ககிட்ட அப்படியா சொன்னார்? 'அந்த இடத்தை வெளியே விட்டது நான்தான், சட்டப்படி இனிமே நான் கூட்டிட்டுப் போகக் கூடாது'ன்னு சொல்லி டெலஸ்கோப்பை எங்க மேஜையில வெச்சுட்டுப் போனாருங்க. நாங்க எவ்வளவோ கெஞ்சினோம். அந்தப் போட்டோக்காரன்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தானே, ஸ்டூடியோ அம்மா சொன்னாங்கன்னு. 'அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, அவ காதுக்குப் போகவே கூடாது'ன்னு எங்ககிட்ட வாக்கு வாங்கிட்டார். ஐயோ, இப்ப நானே..." என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் முதலாளியிடம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தேன். கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் மட்டும் தெரு முழுக்கப் பெருமை பேசித் திரிந்திருக்கிறேன். அவர் கூடத்தில் காய்ந்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்.

"குவாரி விஷயத்தை நான்தான் உளறினேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நிமிர்ந்து பார்த்தார். "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. குவாரி மேல அந்த ஆளே சொன்னான். உங்க வீட்டம்மாவுக்கு தேங்க்ஸ் சொல்லிடுங்கன்னான்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பதினோரு வருஷம்! ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? நாலு நாள் பேசாம இருந்திருக்கக் கூடாதா? நீங்க என்னிக்குப் பேசினீங்க, அது எனக்குத் தெரிஞ்சிருக்கவும் செய்யாது! செஞ்சது நானு, தண்டனை உங்களுக்கா? எனக்காக விட்டுட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, கேட்டுக்கிட்டு கல்லாட்டம் இருந்திருக்கீங்களே!"

"உன்கிட்ட சொன்னது யாரு? நான்தானே. அப்ப வெளியே விட்டதும் நான்தான்" என்றார். சட்டையின் கையை நிதானமாக மடித்து உள்ளே வைத்தார்.

"சரி, அது உங்க சட்டம். என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் சட்டையின் காலரை நீவிவிட்டார். வழக்கம்போல் இதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சொல்லியிருந்தா நீ அப்புறம் ஒவ்வொரு வார்த்தையையும் யோசிச்சு யோசிச்சுப் பேசுவே. போகப் போகப் பேச்சையே விட்டுடுவே. பறவை போனா வேற எடத்துல முட்டை போட்டுக்கும். எனக்கு வீட்டுக்கு வந்தா உன் சத்தம் கேட்கணும்."

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவரைத் திட்ட வேண்டும், அந்தப் படியின் ஓரத்தில் நின்ற பெட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை வரவில்லை. செருப்புக் காலோடு நடுக்கூடத்தில் அப்படியே நின்றேன். அவர் சட்டையைக் கையில் வைத்தபடி, நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நேரம் போகப் போக அவர் முகத்தில் கவலை வந்துவிட்டது.

"பார்த்தியா," என்றார், "இதுக்குத்தான் சொல்லலை."